மேசைக்கு அந்தப் பக்கம்

என் அண்ணியைப் பற்றி எழுத வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தலைவர் கையைத் தூக்கினார். குளிருக்காகக் கையை அக்குளில் வைத்திருந்த மற்றவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். "நீங்கதான் நாத்தனார், நீங்கதான் டீச்சரும். நீங்களே எழுதிடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள். அண்ணியைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினால் அதில் அசடு வழிய நிற்கப்போவது நான்தான்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார். அதில் பாதி துணி, பாதி உளி. மரமணி செய்கிற குடும்பம் அவருடையது. மலைச்சரிவில் மேய்கிற மாடு, ஆடு, கோவேறு கழுதைகளின் கழுத்தில் கட்ட, கட்டையைக் குடைந்து நாக்கு வைத்துச் செய்கிற மணி. "இரும்பு மணி மூடுபனியில எங்கேயோ கேக்கும், மரமணி இருக்கிற எடத்துலேருந்தே கேக்கும்" என்று வந்த புதிதில் ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அவ்வளவு நீளமாக அவர் எதுவும் பேசி நாங்கள் பல வருஷம் கேட்கவில்லை.

என் அண்ணன் கோவேறு கழுதைகளில் மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே கீழே போய் வருகிறவர். கழுதையிடம் பேசினாலாவது காதை ஆட்டும் என்பார். அண்ணி பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்வார்.

அண்ணிக்கு இடதுகைப் பழக்கம். வந்த வாரமே எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் பிடுங்கி, தன் கைக்குத் தோதாக மறுபக்கம் மாற்றி அடித்துவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் நாலு பேரும் ஒரு மாதம் கதவைத் தடவிக்கொண்டு நின்றோம். அன்றைக்கு ஆரம்பித்த கோபம் எனக்கு. அது ஆறப் பதினாறு வருஷமும் ஒரு பரீட்சையும் தேவைப்பட்டன.

இனி சங்கத்துக்கு வருகிறேன். ஊருக்குப் படிப்பு சொல்லித்தருவது, மலையின் கைவேலைகளைச் சேர்ந்து செய்து சேர்ந்து விற்பது, இந்த இரண்டுக்கும்தான் சங்கம். பெயர்ப்பலகை நீளம், கட்டடம் குட்டை. முன்னறையில் படிப்பு, பின்னறையில் பட்டறை என்று ஏற்பாடு. ஆனால் கணப்பு அடுப்பு பின்னறையில் மட்டும்தான் இருக்கிறது. வகுப்பு நடப்பதே மழை விட்டபின் குளிர்காலத்தில்தான், அதனால் படிப்பும் பின்னறைக்குக் குடிபோய்விட்டது. அங்கே ஒரு நீள மேசை. அதை அறைக்குள்ளேயே வைத்துச் செய்தார்கள். மேசை கதவைவிட அகலம் என்பதைச் செய்து முடித்தபிறகுதான் கவனித்தார்கள். அந்த மேசை இனி எங்கேயும் போகாது. அந்த அறையை விட்டால் எங்களுக்கு மேசையும் இல்லை.

மரமணி வேலையில் ஒரு சங்கடம் உண்டு. குடைய ஆரம்பித்த பச்சைமரத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் மறுநாள் விரிசல் விட்டிருக்கும். அதனால் என் மாணவர்கள் யாரும் உளியைக் கீழே வைக்க மாட்டார்கள். கை குடைந்துகொண்டே இருக்கும், கண் படிக்கும். நடுமேசையில் புத்தகத்தைப் பிரித்து வைத்து, மூடாமலிருக்க அதன் மேல் விரிசல் விட்ட ஒரு பாதி மணியை வைப்பேன். கம்பளி பின்னுகிற ஊசியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுவேன். பன்னிரண்டு மாணவர்கள், ஒரே புத்தகம். வந்தது என்னவோ பன்னிரண்டு புத்தகம்தான். முன்னறைக் கூரை ஒழுகி, பதினொன்று கூழாகிவிட்டது.

அடுப்புப் பக்கத்து பெஞ்சில் ஏழு பேர், அவர்களுக்கு நடுவில் நான். மேசையின் இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு பேர். அண்ணியும் முதலில் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். இடதுகை உளியும் வலதுகை உளியும் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தால் முழங்கை முழங்கையோடு மோதும். மூன்றாம் நாள் அண்ணியின் உளி, சங்கத் தலைவரின் சட்டைக் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிரித்துவிட்டது. தலைவர் நீளமான மரக்கொம்பு ஊதுகிறவர். எங்கள் ஊரில் அவருக்குக் கொம்புக்காரர் என்றுதான் பெயர். கொம்பு ஊதத் தேவையான மூச்சு மொத்தத்தையும் அன்றைக்கு அலறுவதற்குச் செலவு செய்தார். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணி பேசாமல் எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தனியாக உட்கார்ந்துகொண்டார். இரண்டு குளிர்காலம் அங்கேதான்.

அங்கிருந்து அவர் படித்த படிப்பு இருக்கிறதே! எழுத்தைத் தொட்டால் போதும், மற்றவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் சொல்லிவிடுவார். இரண்டாவது குளிர்காலத்தில் பக்கம் பக்கமாகப் படித்தார். "எங்க அண்ணி மாதிரி ஒரு மாணவி கிடைக்கமாட்டாங்க, சொல்லித்தர்ற விதத்துலதான் இருக்கு" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கவனித்தேன். சங்கத்துப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போதும், பேருந்து நேரம் எழுதிய தகட்டுக்கு முன்னால் நிற்கும்போதும், அண்ணி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இன்னும் சாய்த்து, தோளைத் தொடுகிற அளவுக்குக் கொண்டுபோவார். நாளெல்லாம் குனிந்து குடைகிறாரே, கழுத்துவலியாக இருக்கும் என்று நினைத்துத் தைலம் வாங்கித் தந்தேன். வாங்கிக்கொண்டார். அண்ணனின் கழுதைக்குக் கால் வீங்கியபோது அதற்குத் தேய்த்துவிட்டார்.

அப்புறம்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கட்டடம் அரசாங்கத்துடையது. சங்கம் தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டுமானால் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் படிப்புத் தேர்வில் தேற வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கட்டடம் சாலை போடுகிறவர்களின் தார் பீப்பாய்க்குப் போய்விடும். நான் படித்து முடித்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்தார்கள். எங்களிடம் இருந்ததே பன்னிரண்டு பேர்தான்.

"அந்த ஜன்னல் எனக்கு வேணும்" என்றார் அண்ணி.

மற்றவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. எங்கள் வீடு ஒற்றை அறை. பாதிக்குச் சேணமும் மூட்டையும். அண்ணி உளியைத் தட்டினால் பின்கட்டில் கழுதைகள் மிரளும், அண்ணன் முகத்தைச் சுளிப்பார், நான் ஏதாவது சொல்லுவேன். இந்த ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த ஜன்னல் ஓரம் மட்டும்தான். எதையும் வேண்டும் என்று அண்ணி வாய்விட்டுக் கேட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒத்திகை வைத்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மேசை ஓரத்தில் உட்கார்ந்து படித்த நாலு பேரும் தாளைக் கொஞ்சம் கோணலாகப் பிடித்தார்கள். ஜன்னல் வெளிச்சத்துக்காக என்று நினைத்து விட்டுவிட்டேன். கடைசியாக அண்ணி. தாளை வாங்கினார், பார்த்தார், அப்படியே ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். பிறகு தண்ணீர்பட்ட பாடாகக் கடகடவென்று படித்தார்.

"அண்ணி, தாள் தலைகீழா இருக்கு."

"இல்லியே, இப்பதான் நேரா இருக்கு."

"எழுத்தெல்லாம் கவுந்து கெடக்கு அண்ணி!"

"நீ சொல்லிக்குடுத்தப்ப இப்படித்தான் இருந்துச்சு."

மேசையைப் பார்த்தேன், பெஞ்சைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். புத்தகம் எங்களைப் பார்த்து விரிந்திருந்த இரண்டு குளிர்காலமும் அண்ணி அதை எதிர்ப்பக்கமிருந்து பார்த்திருக்கிறார். எழுத்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கற்றிருக்கிறார். பெயர்ப்பலகை எழுதியவன்தான் தப்பாக மாட்டிவிட்டான் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்ததும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. "நான் ஏன் சொல்லணும், சங்கத்து விஷயம்" என்றார்.

எழுதச் சொன்னேன். தாளின் அடியில், வலதுகைப் பக்கம் ஆரம்பித்து, இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனார். அடுத்த வரி அதற்கு மேலே. எதிரில் நின்ற எனக்கு அத்தனையும் நேராக, முத்து முத்தாகத் தெரிந்தது. என்னைவிட நல்ல கையெழுத்து. எரிச்சலாக இருந்தது.

அந்த இரண்டு வாரம் ஊரே வைத்தியம் பார்த்தது. அண்ணன், கழுதைக்குக் கண்மறைப்புக் கட்டிப் பழக்குவதுபோலப் பழக்கலாம் என்று யோசனை சொல்லிவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கொம்புக்காரர், ஆளைத் தலைகீழாகப் பிடித்தால் தாளைத் திருப்பத் தேவையில்லை என்றார். யார் போய்ப் பிடிப்பது என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். நான் அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் எழுத்திலிருந்து நேராகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வார்த்தையைக் கூட்டிப் படிக்க, மூட்டையோடு ஏற்றம் ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கினார். பன்னிரண்டாம் நாள் உளியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "படிக்கத் தெரியுமான்னுதானே கேப்பாங்க? தெரியும்னு சொல்லு" என்றார்.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தோம். அதிகாரியை அடுப்புப் பக்கத்து பெஞ்சில், என் இடத்தில் உட்காரவைப்பது. குளிருக்கு அவரும் அதைத்தான் கேட்பார். படிக்கிறவர்கள் எதிரில் ஜன்னல் பக்கம் வந்து உட்கார வேண்டும். அட்டையைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு "படிங்க" என்பார், மற்றவர்கள் அட்டையைக் கையில் வாங்கிப் படித்துக்கொள்வார்கள், அண்ணி வழக்கம்போல எதிரிலிருந்தே படித்துவிடுவார். எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம். பன்னிரண்டாவது ஆளும் தேறியதும் கொம்புக்காரர் ஊத வேண்டும், சரிவில் கழுதைகளோடு காத்திருக்கிற அண்ணன் அதைக் கேட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பதுவரை பேசி முடித்தோம்.

அதிகாரி வந்தார். ஜலதோஷம் பிடித்த, மெலிந்த மனிதர். கேட்காமலே அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தார். ஒரு ஃபைலைப் பிரித்து வைத்தார். பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்தார். முதல் ஆள் எதிரில் உட்கார்ந்ததும், ஓர் அட்டையை எடுத்து, பதவிசாக அவர் பக்கம் திருப்பி வைத்து, "நிதானமாப் படிங்க" என்றார்.

மரியாதை தெரிந்த மனிதர். எங்களுக்கு அதுதான் வினையாகப் போயிற்று. பதினோரு பேர் வந்தார்கள், பதினோரு தடவையும் அட்டையைத் திருப்பி வைத்தார். எல்லோரும் தேறினார்கள். அட்டையைக் கோணலாகப் பிடித்தவர்களைக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். அட்டை அவர் பக்கம் திரும்பியது. அவர் அதைத் தன் கையால் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டு, ஒரு மூச்சில் படித்து முடித்தார்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அட்டையைத் தலைகீழா வெச்சிருக்கீங்கம்மா."

"எனக்கு இப்படித்தாங்க நேரா இருக்கு."

அடுத்த அட்டையைக் கொடுத்தார். அண்ணி அதையும் சுற்றினார், படித்தார். மூன்றாவதும் அப்படியே. அதிகாரி இப்போது அட்டையைத் தானே நேராகப் பிடித்துக் காட்டி, "இப்படியே படிங்க" என்றார். அண்ணி பார்த்தார். முதல் எழுத்தைச் சொன்னார். இரண்டாவதுக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"புரியுது" என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஊர் ஊரா இந்த மூணு அட்டைதான் போகுது. அதுல என்ன இருக்குன்னு எங்கேயோ விசாரிச்சு, இந்தம்மாவை மனப்பாடம் பண்ண வெச்சுட்டீங்க. கார்டைத் தலைகீழாப் பிடிச்சு ஒப்பிச்சா நான் நம்பணும். காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணும் டீச்சர்."

நான் விளக்கம் சொல்ல எழுவதற்குள் அதிகாரி ஃபைலை இழுத்துப் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

"பன்னிரண்டாமவர்" என்றார் அண்ணி.

பேனா நின்றது. பிறகு நகர்ந்தது.

"எழுத்தறிவு… இல்லாதவர்" என்றார் அண்ணி. "ஆசிரியையின்… அடுத்த வார்த்தையைக் கை மறைக்குது. கொஞ்சம் கையை எடுங்க."

அதிகாரி கையை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஆசிரியையின் தூண்டுதலால்" என்று படித்துவிட்டு, அண்ணி என்னைப் பார்த்தார். "உன்னைத்தான் சொல்றாரு."

அப்போது அதிகாரியின் விரல் பட்டு மேல்தாள் விலகியது. அதன் கீழே டைப் அடித்த தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. அண்ணியின் கண் அதற்குப் போயிற்று. வேலை செய்கிறபோது கட்டையில் முடிச்சைக் கண்டால் எப்படிக் கண்ணைச் சுருக்குவாரோ, அப்படிச் சுருக்கினார்.

"மேற்படி கட்டடத்தில் நடத்தப்பட்ட தேர்வில் போதிய எண்ணிக்கையினர் தேறாத காரணத்தால், கட்டடம் தார் பீப்பாய்கள் வைக்கும் கிடங்காக ஒதுக்கப்படுகிறது." நிறுத்தினார். "தேதி ஒம்பதுன்னு போட்டிருக்கு. இன்னிக்குப் பதினாறு. பரீட்சை இன்னிக்குத்தானேங்க?"

அதிகாரி திருதிருவென்று விழித்தார். ஃபைலை மூடப் போனார். மேசைக்கு மூன்று பக்கமும் உளி பிடித்த கைகளாக இருந்ததைப் பார்த்து, மூடாமல் விட்டார்.

"அது டிராஃப்டும்மா. முன்கூட்டியே ஒண்ணு தயார் பண்ணி வெச்சுக்கிறது வழக்கம்."

"அப்ப தேறிட்டா அனுப்புறதுக்கும் ஒண்ணு வெச்சிருப்பீங்களே. அது எங்க?"

அப்படி ஒன்று இல்லை. அவர் பையை ஒப்புக்கு ஒருமுறை துழாவினார். பிறகு, அவருக்கும் மனசாட்சி என்று ஒன்று இருந்திருக்க வேண்டும், அல்லது அடுப்புச் சூட்டில் வியர்த்திருக்க வேண்டும், டைப் அடித்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். முதலில் எழுதியதை அடித்தார். புதுத் தாள் எடுத்தார்.

அண்ணி அதையும் விடவில்லை. அவர் எழுத எழுத, ஒரு வார்த்தை விடாமல் உரக்கப் படித்தார். "பன்னிரண்டு பேரும்… தேறினர். கட்டடம்… சங்கத்திடமே… தொடரலாம்." பேனா நின்றதும், "கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டார். அதையும் படித்துப் பார்த்தார். அது மட்டும் படிக்க வரவில்லை. "இது எந்தப் பக்கம் பாத்தாலும் புரியாதுபோல" என்றார்.

அதிகாரி எழுந்து மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். வாசலில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ், டீச்சர். எதிர்ல யார் உக்காந்திருக்காங்கன்னு நான் பார்த்ததே இல்ல."

அதற்குள் கொம்புக்காரருக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய் ஊத வேண்டும் என்பதை மறந்து அறைக்குள்ளேயே ஊதினார். அடுப்புக் குழாயிலிருந்த ஒரு வருஷத்துக் கரி மொத்தமும் எங்கள் தலையில் கொட்டியது. சரிவில் கழுதைகள் மிரண்டு, அண்ணனை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடின. செய்தி அப்படித்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லோரும் கரி முகத்தோடு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த மனிதர் பொய்த் தாளைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர். அவருக்குக்கூட, எதிரில் ஒருவர் உட்கார்ந்ததும் அட்டையை அவர் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் சொந்த நாத்தனார். இரண்டு குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு பக்கத்துக்காவது, புத்தகத்தை அண்ணி பக்கம் திருப்பி வைக்க எனக்குத் தோன்றவில்லை. தாழ்ப்பாள் கோபம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அதுவும் இல்லை. அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்கு நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் புத்தகத்தை எடுத்தேன். எல்லோர் முன்னிலையிலும் அதை அண்ணி பக்கம் திருப்பி வைத்தேன். பெஞ்சில் இருந்த ஏழு பேரும் கழுத்தை வளைத்தார்கள்.

அண்ணி குனிந்து பார்த்தார். "இப்ப எனக்குத் தலைகீழா இருக்கே."

"பழகிக்கலாம் அண்ணி. தினம் ஒரு பக்கம். எத்தனை நாள் ஆனாலும் சரி."

"பதினோரு பேரு இருக்காங்க" என்று சொல்லி, புத்தகத்தை மறுபடி பெஞ்சுப் பக்கமே திருப்பி வைத்தார். அதன் மேல் பாதி மணியை வைத்தார். பிறகு தன் பக்கத்தில் கிடந்த மரச்சீவலைக் கையால் ஒதுக்கி இடம் செய்தார். "நீ வேணா இந்தப் பக்கம் வா."

போய் உட்கார்ந்தேன். ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று முதுகில் குத்தியது. அவ்வளவு குளிர் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதிரே எல்லோர் முகமும் அடுப்பு வெளிச்சத்தில் சிவந்து, சௌகரியமாக இருந்தது. நடுவில் என் புத்தகம், எனக்கு மனப்பாடமான புத்தகம், புழு நெளிகிற மாதிரிக் கிடந்தது.

"எங்க, படி" என்றார் அண்ணி.

நான் வேண்டுமென்றே மனப்பாடத்திலிருந்து ஒப்பிக்கப் பார்த்தேன். அவர் சும்மா இருப்பாரா? அதுவரை நான் யாருக்கும் நடத்தாத கடைசிப் பக்கத்தைப் பிரித்துவிட்டார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். பெஞ்சில் ஏழு பேரும் உளியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மரம் விரிசல் விடுமே என்ற கவலைகூட இல்லாமல் சிரித்தார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. என் கையிலிருந்த ஊசியை வாங்கி, அந்த எழுத்தின் மேல் வைத்து, நான் சொல்லும்வரை காத்திருந்தார்.